பயந்த நாயின் பாதயாத்திரை

மகாபாரதத்தின் தொடக்கத்திலும் ஒரு நாய் வருகிறது. முடிவிலும் ஒரு நாய் வருகிறது. ஜனமேஜயன் குருக்ஷேத்திரத்தில் நடத்திய யாகத்தின்போது அவ்விடத்துக்கு வந்த ஒரு நாய்க்குட்டி, அவிசை நக்கியதுமில்லை, அதன் பக்கம் பார்த்ததுமில்லை என்றிருந்தும், அரசனுடைய தம்பிமார் அதை அடித்து விரட்டினர் என்றும், அழுதுகொண்டு வந்த குட்டியைக் கண்ட அதன் தாயாகிய ஸரமை என்னும் தேவலோகத்து நாய் யாகசாலைக்கே வந்து நியாயம் கேட்டு, விடை கிடையாமற் போகவே, கண்ணுக்குப் புலப்படாத பயம் உங்களை வந்து பற்றும் என்று சபித்தாள் என்றும் ஆதி பருவம் கூறுகிறது. பாரதம் முடியுமிடத்திலோ, தம்பியரும் திரௌபதியும் ஒவ்வொருவராக வழியில் வீழ்ந்த பின்னும், தருமபுத்திரரின் கூடவே, கயிறு இல்லாமலும் கட்டளை இல்லாமலும் ஒரு நாய் நடந்து செல்கிறது. அடிபட்ட நாய்க்கும் அருகில் நடக்கும் நாய்க்கும் இடையே ஒரு பெரிய இதிகாசத்தின் நீளம் கிடக்கிறது என்றால், அந்த நீளத்தை இக்காலத்துக் குடும்பஸ்தர் ஒருவர் தம் அலுவலுக்கும் சமையலுக்கும் நடுவே எவ்வாறு கடப்பது என்பதே இங்கே நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

புணே நகருக்கு மேற்கே முள்சி தாலூகாவில், வயல்கள் சூழ்ந்த சிறு கிராமமாக இருந்து, மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் ராஜீவ் காந்தி இன்போடெக் பார்க் என்னும் கணினித் தொழிற்பேட்டையை நிறுவிய பிறகு ஒரே தலைமுறையில் உருமாறிப்போன ஹிஞ்சேவாடியில், பேஸ் ஒன், பேஸ் டூ, பேஸ் த்ரீ என்று எண்ணிட்டு வழங்கும் பகுதிகளுக்கு ஊடே பழைய கிராமத்து நாய்களின் சந்ததி இன்னும் வாழ்ந்து வருகிறது. அவை எங்கும் குடிபெயரவில்லை. அவற்றின் உலகந்தான் அவற்றைச் சுற்றி இடம் மாறிவிட்டது. கம்பெனிப் பஸ்கள் வரிசையாய் வருகின்றன. தண்ணீர் டாங்கர்களும் மண் ஏற்றிய டம்பர்களும் இரவு பகலாக ஓடுகின்றன. மான் கிராமத்திலிருந்து சிவாஜிநகர் வரை 23 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிட்ட மெட்ரோப் பாதைக்காகத் தூண்கள் எழுந்த வருஷங்களில், துளையிடும் யந்திரத்தின் அதிர்ச்சி தரையிலேயே உணரப்பட்டது. மனிதனுடைய செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைக் கேட்குமானால், நாயின் செவி 45,000 வரை கேட்கும் என்பதை நினைத்தால், நமக்கு இரைச்சலாக இருப்பது அதற்கு என்னவாக இருக்கும் என்று ஊகிக்கலாம்.

இந்த ஊரில், கோயம்புத்தூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் உத்தியோகத்தின் பொருட்டு வந்து அடுக்குமாடிகளில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் உட்படப் பலர், அடிபட்டதும் கைவிடப்பட்டதுமான நாய்களுக்கு வீட்டில் இடம் கொடுத்திருக்கிறார்கள். புணேயில் 2007-ஆம் ஆண்டு தோன்றி, காயமுற்ற தெருப்பிராணிகளுக்குச் சிகிச்சை அளித்துவரும் ரெஸ்க்யூ சாரிட்டபிள் டிரஸ்ட் போன்ற ஸ்தாபனங்களின் வழியாகவோ, வாசலில் தானாக வந்து ஒண்டியதாகவோ இத்தகைய நாய் வீட்டுக்குள் வருகிறது. வந்த பிறகுதான் சங்கடம் தொடங்குகிறது. கழுத்தில் பெல்ட்டும் கையில் செயினுமாகக் கதவைத் திறந்தால், அது தரையோடு ஒட்டிப் படுத்துவிடுகிறது. அல்லது படிக்கட்டில் நம்மை இழுத்துக்கொண்டு பாய்கிறது. அல்லது கேட்டைத் தாண்டியவுடன் பின்வாங்கி, பெல்ட்டிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிடுகிறது. ஹீல் என்று பயிற்சியாளர்கள் கூறும், காலடியை ஒட்டி அமைதியாக உடன் நடக்கும் பழக்கத்தை இதற்குக் கற்பிக்கவேண்டும் என்று எல்லோரும் அறிவுரை கூறுகிறார்கள். ஆனால் நடையைக் கற்பிப்பது இங்கே பாதி வேலைகூட இல்லை. பயம் விலக விலக நடை தானாக அமைகிறது. பயம் இருக்க நடையை மட்டும் வற்புறுத்தினால், அமைதியைப் போலத் தோன்றும் வேறொன்றுதான் கைக்கு வருகிறது.

பயம் எங்கிருந்து வருகிறது?

நாய்க்குட்டியின் வாழ்வில் மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரையிலுள்ள பருவமே உலகத்தோடு சிநேகம் கொள்ளும் பருவம் என்று, அமெரிக்காவில் மெய்ன் மாகாணத்து ஆராய்ச்சி நிலையமொன்றில் பல வருஷங்கள் உழைத்த ஸ்காட், புல்லர் என்னும் இருவர் 1965-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார்கள். அதே நிலையத்தில், வேலியிட்ட வெளியில் மனிதரோடு பழக்கமே இல்லாமல் 14 வாரங்கள் வளர்க்கப்பட்ட குட்டிகள், பின்னர் எவ்வளவு முயன்றும் பழக்குவதற்கு மிக அரிதாயின என்று 1961-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. கட்டடம் எழும் இடத்தில் செங்கல் குவியலுக்குப் பின்னே பிறந்து, மனிதக் குரலில் ஹாட் ஹாட் என்னும் விரட்டலையும், அதனைத் தொடரும் கல்லையும் மாத்திரம் அறிந்து வளர்ந்த ஒரு குட்டிக்கு, அந்தச் சிநேகப் பருவம் வீணே கழிந்துவிடுகிறது. பெரிதான பிறகு அது லிப்டைக் கண்டு நடுங்குவதற்கு லிப்டு ஒரு தீங்கும் செய்திருக்கவேண்டியதில்லை, அறிமுகமில்லாமையே போதும்.

மற்றொரு வகைப் பயம் அறிமுகத்தினாலேயே வருவது. நாய்களின் ஜீரண ஆராய்ச்சிக்காக 1904-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ருஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் கூடங்களில், மணியோசை முதலிய குறிகளுக்கு எச்சில் ஊறப் பழக்கப்பட்ட நாய்கள் பல இருந்தன. 1924 செப்டம்பரில் லெனின்கிராடில் நேவா நதி பெருகி அவற்றின் கூண்டுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. கூண்டின் கதவுகள் தரைமட்டத்தில் இருந்தமையால், கழுத்துவரை நீரில் நீந்திக்கொண்டிருந்த நாய்களின் தலையைப் பணியாளர்கள் நீருக்குள் அமிழ்த்தி இழுத்துத்தான் வெளியே கொண்டுவர முடிந்தது. உயிர் பிழைத்த நாய்களுள் சில, பல மாதங்களாகக் கற்ற பாடங்களை அடியோடு மறந்திருந்தன. பிறகு பொறுமையாய்ப் பழக்கி அவை தேறிய பின்னரும், கதவின் அடியில் சிறிது தண்ணீரைக் கசியவிட்ட மாத்திரத்தில் ஒரு நாய் மீண்டும் நிலைகுலைந்தது என்று பாவ்லோவின் ஆராய்ச்சிக் குறிப்புகளிலிருந்து அறிகிறோம். மீட்கப்பட்ட நாயை வளர்ப்பவர்கள் இந்தச் சம்பவத்தை மறக்கலாகாது. மீட்ட கைகளே அமிழ்த்திய கைகளாகவும் இருந்தன. நாய்க்கு நம் நோக்கம் தெரியாது, நம் செய்கை மட்டுமே தெரியும்.

மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அது மனத்தைச் சேர்ந்ததே அன்று. பழைய எலும்பு முறிவு, இடுப்பு மூட்டின் கோளாறு, உண்ணிகளால் பரவும் காய்ச்சல், நகக்கண்ணில் புண் ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால், நடக்க மறுப்பது பிடிவாதம் ஆகாது. ஆகையால் வெறிநோய்த் தடுப்பூசிக்காகக் கால்நடை மருத்துவரிடம் செல்லும் முதல் நாளிலேயே, நாயின் நடையையும் மூட்டுகளையும் பார்க்கும்படி கேட்டுக்கொள்வது விவேகம்.

நான்கு உபாயங்களும் நாய்ப் பழக்கமும்

சாமம், தானம், பேதம், தண்டம் என்று அரசியல் நூலார் வகுத்த நான்கு உபாயங்களுள், நாய்ப் பழக்கம் நெடுங்காலம் கடைசி உபாயத்தையே முதலாவதாகக் கொண்டிருந்தது. ஜெர்மனியில் கொன்ராட் மோஸ்ட் 1910-ஆம் ஆண்டு எழுதிய பயிற்சி நூலும், அதனை ஒட்டி உலகப் போர்களின்போது வளர்ந்த ராணுவ முறைகளும், இழுத்தல், சுண்டுதல், நிர்ப்பந்தித்தல் ஆகியவற்றுக்குப் பெரும் இடம் கொடுத்தன. நாய் இடப்புறத்தில் நடக்கவேண்டும் என்னும் வழக்கமே, வலக்கை துப்பாக்கிக்கு ஒழிவாக இருக்கவேண்டும் என்னும் வேட்டைக்காரர், சிப்பாய்களின் தேவையிலிருந்து வந்தது என்பர். இந்தக் கடுமைக்குப் பின்னாளில் விஞ்ஞானத்தின் பெயரால் ஓர் ஆதரவும் கிடைத்தது. மிருகக்காட்சிச் சாலையில் அடைபட்ட ஓநாய்களைக் கவனித்து ஷென்கெல் என்பவர் 1947-இல் எழுதிய கட்டுரையிலிருந்து, கூட்டத்துக்கு ஒரு தலைவன் இருந்து மற்றவற்றை அடக்கி ஆள்கிறான் என்னும் கொள்கை பரவியது. ஆகவே நாயை வளர்ப்பவனும் தலைவனாக அடக்கவேண்டும் என்றார்கள். ஆனால் அக்கொள்கையைத் தமது 1970-ஆம் ஆண்டு நூலின் மூலம் பிரசித்தப்படுத்திய அமெரிக்க அறிஞர் டேவிட் மெக் அவர்களே, காட்டில் சுதந்திரமாய்த் திரியும் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய் தந்தையரும் அவர்களுடைய பிள்ளைகளும் கொண்ட ஒரு குடும்பமே என்று 1999-இல் எழுதி, அதனைத் திருத்திவிட்டார்.

தண்ட உபாயத்தின் பலன் என்ன என்பதை, மனம் பதைக்கச் செய்யும் வேறோர் ஆராய்ச்சி தெளிவாக்கியது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் செலிக்மன், மையர் என்னும் இருவர் 1967-இல் நடத்திய சோதனைகளில், தப்ப வழியின்றி மின்னதிர்ச்சிக்கு உள்ளான நாய்கள், பிறகு ஒரு சிறு தடுப்பைத் தாண்டினால் தப்பிவிடலாம் என்ற நிலையிலும் தாண்ட முயலாமல் பெரும்பாலும் படுத்தே கிடந்தன. தாம் என்ன செய்தாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்ற நிராசையே அவற்றை ஓயச் செய்தது. அதே இரு அறிஞரும் ஏறக்குறைய ஐம்பது வருஷங்கள் கழித்து, 2016-இல், மூளையைப் பற்றிய புதிய சான்றுகளைக் கொண்டு தம் முடிவைத் தலைகீழாக்கினார்கள்: நெடிய துன்பத்தின் முன் ஓய்ந்துவிடுவது பிராணிகளுக்கு இயல்பாகவே அமைந்தது, தன் செய்கைக்குப் பலன் உண்டு என்பதுதான் கற்றுக்கொள்ளப்படுவது என்றார்கள். நாய் வளர்ப்போருக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி வேறு இல்லை.

கழுத்தை இறுக்கும் சங்கிலியைப் பூட்டிப் பயந்த நாயைப் பஸ் போகும் சாலையிலே இழுத்துச் சென்றால், சில தினங்களில் அது குரைப்பதையும் திமிறுவதையும் நிறுத்திவிட்டுக் காலோடு ஒட்டி நடக்கலாம். பார்ப்பவர்களும் நல்ல பழக்கம் என்று மெச்சலாம். ஆனால் அதன் வாலும் காதும் எங்கே இருக்கின்றன என்று பார்க்கவேண்டும். வால் வயிற்றோடு ஒடுங்கி, காதுகள் பின்னே படிந்து, விழியின் வெள்ளை தெரிய, கொடுத்த பண்டத்தையும் தொடாமல், ஓரிடத்தையும் முகராமல் அது நடந்தால், உள்ளே பயம் அப்படியே இருக்கிறது. வெளியே சொல்வதை மாத்திரம் அது நிறுத்திவிட்டது. உண்மையில் அமைதியுற்ற நாய் உடலைத் தளரவிடும், நின்று முகரும், திரும்பி நம் முகத்தைப் பார்க்கும், பண்டத்தை வெடுக்கெனப் பறிக்காமல் மெதுவாக வாங்கும். இந்த இரண்டு நடைகளையும் பிரித்தறியக் கற்றவரே நாயைப் பழக்கத் தகுதி பெற்றவர்.

பேதத்துக்கு இங்கே இடமே இல்லை. ஆகவே எஞ்சுவன சாமமும் தானமுமே. நம் தெருநாய்களுக்கு அவ்விரண்டையும் ஏற்கும் புத்தி குறைவென்று எண்ணவேண்டாம். கொல்கத்தாவிலுள்ள ஐசர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தெருவில் திரியும் நாய்களிடையே செய்த சோதனைகளில், முன்பின் அறியாத மனிதர் உணவு கொடுப்பதைக் காட்டிலும் அன்புடன் தடவிக்கொடுப்பதே நாளடைவில் அதிக நம்பிக்கையை வளர்த்தது என்று 2017-இல் கண்டார்கள். யாரும் பழக்காத அந்நாய்கள், அந்நியர் விரலால் சுட்டும் திசையைப் புரிந்துகொண்டு அங்கே சென்றன என்பதையும் 2020-இல் வெளியிட்டார்கள். ஆயினும் பாதியளவு நாய்கள் அருகே வரவே தயங்கின. அறிவு இருந்தும் அச்சம் வழியை அடைத்துவிடுகிறது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

வீட்டுக்குள் தொடங்கும் நடை

முதலில் நடையே வேண்டாம். புதிதாக வந்த நாய்க்கு ஒரு மூலையில் மெத்தையும் நீரும் வைத்து, மேலே பாதி மூடியபடி ஓர் ஒதுக்கிடம் செய்துகொடுத்து, விருந்தினர் வருகையை நிறுத்தி, அதனைத் தன் பாட்டில் விடுவதே தொடக்கம். மூன்று நாளில் மூச்சுவிடும், மூன்று வாரத்தில் வீட்டின் முறைகளை அறியும், மூன்று மாதத்தில் வீடு தனதென்று கொள்ளும் என்று நாய் வளர்ப்போரிடையே ஒரு வழக்குமொழி உண்டு. அது விஞ்ஞான விதி அன்று, பொறுமைக்கு ஒரு நினைவூட்டல். மகாராஷ்டிரத்து மகானாகிய நாமதேவர், ரொட்டியைக் கவ்விக்கொண்டு ஓடிய நாயின் பின்னே, வறட்டு ரொட்டியைத் தின்னாதே என்று நெய்க் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு ஓடினார் என்னும் கதை அந்நாட்டில் எல்லோரும் அறிந்தது. அவர் அந்த நாயில் விட்டலனையே கண்டார்; நாம் சாமானியர்; நாம் துரத்தினால் நாய் இன்னும் வேகமாகத்தான் ஓடும். பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, முகத்தை உற்றுப் பாராமல், பண்டத்தைத் தரையில் வைத்துவிட்டு, அதுவாக வரும்வரை இருப்பதே நமக்கு ஏற்ற பக்தி. அது வந்தபின்னும் கையைத் தலைக்குமேல் கொண்டுபோகாமல் மார்புப் பக்கமாகத் தடவவேண்டும்; தடவுவதை நிறுத்தினால் மறுபடியும் அது நெருங்கி வருகிறதா என்று பார்க்கவேண்டும்.

அடுத்தது உபகரணம். கழுத்து பெல்ட்டை மாத்திரம் நம்பினால் பயந்த நாய் பின்வாங்கித் தலையை உருவிக்கொள்ளும். அன்றியும் கழுத்து இழுபடும்போது விழிக்குள்ளே அழுத்தம் உயர்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மார்பையும் தோளையும் தழுவி, முன்கால்களின் அசைவைத் தடுக்காத ஹார்னஸ் ஒன்றும், ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள, கனமில்லாத நாடாக் கயிறு ஒன்றும் போதும். தொடக்க மாதங்களில் ஹார்னஸையும் பெல்ட்டையும் ஒரு சிறு கொக்கியால் இணைத்து வைத்தால், ஒன்று நழுவினாலும் மற்றொன்று காக்கும். நீண்டு சுருங்கும் விசைக் கயிறு இத்தகைய நாய்க்கு ஆகாது. கை தவறி அதன் கைப்பிடி தரையில் விழுந்தால், அது கடகடவென்று துரத்திக்கொண்டே வரும். நாய் ஊர் எல்லை வரை ஓடும். ஹார்னஸை ஒரே நாளில் மாட்டிவிடவேண்டாம். அதைத் தரையில் வைத்து அருகே பண்டம் இடுவது, அதன் வளையத்தின் வழியே பண்டத்தை நீட்டித் தலையைத் தானே நுழைக்கச் செய்வது, பிறகு ஒரு கொக்கி, பிறகு மற்றொரு கொக்கி என்று படிப்படியாகச் செல்லவேண்டும்.

மூன்றாவதாக ஒரு சங்கேதச் சொல் வேண்டும். நாய் செய்தது சரி என்பதை அந்தக் கணத்திலேயே அறிவிக்கும் சொல் அது. அதைச் சொன்ன மறுகணமே பண்டம் வரவேண்டும். மேல்நாட்டார் இதற்கு கிளிக்கர் என்னும் சிறு கருவியைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதன் சொடுக்கொலியே பயந்த நாயைத் திடுக்கிடச் செய்யக்கூடும். வீட்டில் தமிழும் வாசலில் மராட்டியும் வழங்கும் ஹிஞ்சேவாடியில், இரண்டிலும் பாராட்டாக ஒலிக்கும் சபாஷ் என்பதை மெல்லிய குரலில் சொன்னால் போதுமானது. வேகவைத்த கோழியோ, அவித்த முட்டையோ, சைவ வீடானால் பனீரோ பட்டாணியளவு துண்டுகளாகப் பையில் இருக்கட்டும்.

இனி நடை. கூடத்திலே, கயிறு இல்லாமல், நாய் தற்செயலாக நம் இடது காலருகே வந்து நின்றால் சபாஷ் சொல்லி, பண்டத்தை நம் கால்சட்டைத் தையலை ஒட்டியோ புடவை மடிப்பை ஒட்டியோ பிடித்துக் கொடுக்கவேண்டும். பண்டம் எங்கே கிடைக்கிறதோ அங்கே நாய் இருக்க விரும்பும். ஹீல் என்னும் வித்தையின் ரகசியம் இதில் அடங்கிவிடுகிறது. பண்டத்தை முன்னே நீட்டினால் நாய் முன்னே பாயும். பின்னே கொடுத்தால் பின்தங்கும். காலருகே கொடுத்தால் காலருகே நிற்கும். பிறகு ஓரடி எடுத்து வைக்கலாம். அது உடன் வந்தால் சபாஷ். இரண்டடி, ஐந்தடி, கூடத்தின் குறுக்கே ஒரு முறை, திரும்பும்போது ஒரு வளைவு. கயிறு இல்லாமல் இது நன்கு அமைந்த பின்னரே கயிற்றைக் கோக்கவேண்டும். அப்போதும் அது தளர்ந்து தொங்கவேண்டும். கயிறு விறைத்தால் நாய் எதிர்த்திசையில் இழுப்பது அதன் உடலியல்பு. எனவே அது இழுத்தால் நாமும் இழுக்காமல் நின்றுவிட்டு, அது ஒரு கணம் திரும்பிப் பார்த்துக் கயிறு தளர்ந்தவுடன் மறுபடி நடக்கவேண்டும். தளர்த்தினால் பயணம் தொடர்கிறது, நின்றால் நிற்கலாம், திரும்பினால் வீடு செல்லலாம் என்று தன் செய்கைக்குப் பலன் உண்டென அது இங்கேதான் கற்கிறது.

தூரம் என்னும் மருந்து

லெனின்கிராடில் வெள்ளம் புகுந்த அதே 1924-ஆம் ஆண்டில், நியூயார்க் நகரத்தில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் மாது, முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்னும் சிறுவனைக் குணப்படுத்திய விவரத்தை வெளியிட்டார். குழந்தை தனக்குப் பிரியமான உணவை உண்டுகொண்டிருக்கையில் முயலை அறையின் கோடியில் கூண்டோடு வைப்பது, அவன் கலங்காத அளவுக்கு நாளுக்கு நாள் அருகே கொண்டுவருவது என்பதே அவர் கைக்கொண்ட முறை. முடிவில் பீட்டர் முயலைத் தடவினான். பயந்த நாய்க்கு இன்று உலகெங்கும் சொல்லப்படும் சிகிச்சை இதன் வழிவந்ததே. இதில் இரண்டு விதிகள் உயிர்நாடியானவை. முதலாவது, பயப்படும் பொருள் இருக்கும் தூரம்: நாய் அதனைப் பார்த்தும், பார்த்தபின் பண்டத்தைத் தின்னும் நிலையில் இருக்கவேண்டும். தின்ன மறுத்தால் நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்று அறிந்து பின்வாங்கவேண்டும். இரண்டாவது, வரிசை: முதலில் பஸ், பிறகு பனீர். பனீரை முன்னதாகக் காட்டிப் பஸ்ஸின் பக்கம் இழுத்துச் சென்றால், பனீரே வரப்போகும் ஆபத்தின் அடையாளமாகிவிடும். பிறகு பையைத் திறந்தாலே நாய் ஒளிந்துகொள்ளும்.

ஹிஞ்சேவாடியின் அடுக்குமாடி வாழ்க்கையில் இந்த விதிகளை ஒட்டி ஒரு பாதையை வகுத்துக்கொள்ளலாம். கூடத்திலிருந்து வாசல் நடை, அங்கிருந்து படிக்கட்டு, லிப்டின் கதவு திறந்து மூடுவதைத் தொலைவில் நின்று பார்த்தல், பிறகு கார் நிறுத்துமிடம், வளாகத்துத் தோட்டம், கேட்டின் உட்புறம். கேட்டைத் தாண்டுவது கம்பெனிப் பஸ்கள் கிளம்பாத அதிகாலையில் நிகழட்டும். சனி ஞாயிறுகளில் தொழிற்பேட்டைச் சாலைகள் வெறிச்சோடிக் கிடப்பது இத்தகைய பயிற்சிக்கு வாய்த்த அனுகூலம். வாரநாளில் நெருங்க முடியாத சாலையை நாய் ஞாயிறன்று அறிந்துகொள்ளும். ஏப்ரல், மே மாதங்களில் தார்ச்சாலையின் சூட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, கை பொறுக்காத தரையில் நாயை நடத்தாதிருப்பதும் அவசியம்.

நடை முழுவதும் காலை ஒட்டியே வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. நாய்க்கு உலகம் முக்கால்வாசி மோப்பத்தில் இருக்கிறது. தலை தாழ்த்தி முகரும்போதுதான் அதன் உள்ளம் தெளிகிறது. பத்தடி ஹீல், பிறகு போ என்று சொல்லிக் கயிற்றை நீட்டி முகர விடுதல், மறுபடி பத்தடி என்று கலந்து நடத்தினால், அருகில் நடப்பதற்கே முகர்தல் வெகுமதியாகிவிடும். பரபரப்பான திருப்பங்களிலும், எதிரே குழந்தைகள் வரும்போதும் மட்டும் அந்தப் பத்தடி நமக்கு வேண்டும். கயிற்றைப் பிடித்த கையின் இறுக்கம் தந்திக் கம்பியில் செய்தி செல்வதுபோல நாயின் மார்புக்குச் செல்லும். டம்பர் வருவதைக் கண்டு நாம் முதலில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டால், பயப்படவேண்டியது வருகிறது என்று நாமே அறிவித்தவர்களாவோம்.

தெருவிலுள்ள மற்ற நாய்கள் எதிர்ப்பது இந்நாட்டில் அடிக்கடி நேரும் இடையூறு. மேல்நாட்டுப் பயிற்சி நூல்கள் இதற்கு வழி சொல்வது அரிது. தம் எல்லைக்குள் கயிற்றோடு வரும் புதியதைக் கண்டு அவை சூழ்ந்து குரைக்கும்போது, நம் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் கல்லெறிவதும் இரண்டும் தவறு. ஓட்டம் அவற்றைத் துரத்தத் தூண்டும், கல் நம் நாய்க்கே பழைய பயத்தை நினைவூட்டும். இரண்டுக்கும் நடுவே நாம் நின்று, ஒரு கைப்பிடி பிஸ்கட்டை அவற்றின் பக்கமாக இறைத்துவிட்டு, வளைவாக விலகித் திரும்பிவிடுவது நலம். நாள்தோறும் அவற்றுக்கு உணவிடும் காவலாளியோ பெண்மணியோ வளாகத்தில் இருந்தால், அவர்களுடைய சிநேகம் பல மாதப் பயிற்சிக்குச் சமம்.

மழையும் மேளமும்

புணேயில் ஜூன் மாதத்தில் மழை இறங்கிவிட்டால் இடியும் தகர ஓசையும் தொடங்குகின்றன. அது ஓய்வதற்குள், 1893-இல் திலகர் பொதுவிழாவாக வளர்த்தெடுத்த கணேசோத்ஸவத்துக்காகத் டோல் தாஷா என்னும் மேளக் குழுக்கள் மைதானங்களில் வாரக்கணக்காக ஒத்திகை நடத்துகின்றன. அடுத்து விஜயதசமி, அடுத்து தீபாவளி வெடி. ஆகவே வேனிலில் கற்ற பாடம் கார்காலத்தில் கலைந்துபோவதைத் தோல்வி என்று கொள்ளலாகாது. ஒரு நாளில் நேர்ந்த பயத்தின் மிச்சம் உடலில் தங்கி, மறுநாள் சிறிய ஓசைக்கும் நாயைத் துள்ளச் செய்யும். அத்தகைய நாளுக்குப் பின் நடையை விடுத்து, வீட்டிலேயே பண்டத்தைத் துணிக்குள் ஒளித்துத் தேடவிடுவது நல்ல ஓய்வு. மேளத்தின் ஒலிப்பதிவை மிகத் தாழ்ந்த அளவில் ஒலிக்கவிட்டு உணவளித்து, சில மாதங்களுக்கு முன்னரே பழக்கத் தொடங்கலாம். விழா நாட்களில் ஜன்னலை மூடி, இருட்டுவதற்கு முன்பே வெளியே கொண்டுசென்று திரும்பிவிடவேண்டும். பயந்து ஓடி நாய்கள் காணாமற் போகும் காலம் இதுவே ஆதலால், பெல்ட்டில் நம் தொலைபேசி எண் எழுதியிருக்கட்டும். இவ்வளவுக்கும் தேறாமல் நாள் முழுதும் நடுங்கும் நாய்க்கு மருத்துவர் மருந்துகள் கொடுக்கக்கூடும். அவற்றுட் சில பலன்தரப் பல வாரங்கள் ஆகும். மருந்து பயிற்சிக்குப் பதில் ஆகாது. பயிற்சி உள்ளே நுழைவதற்கு வழியைத் திறந்துவிடும்.

யாருக்கு இந்த நாய்?

ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்ய சபையில் விடாமுயற்சியுடன் வாதாடியதன் பயனாக இயற்றப்பட்ட 1960-ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டம், நியாயமற்ற அளவு குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதைக் குற்றம் என்கிறது. எப்போதும் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாயைத் தக்கபடி உலாவச் செய்யாமல் அசட்டையாக இருப்பதும் அதே 11-ஆம் பிரிவின்படி குற்றமே. அத்தகைய நாயை உலாவச் செய்வது வீட்டுக்காரரின் ஓய்வுநேர விருப்பம் அன்று, சட்டம் விதித்த கடமை என்பதைப் பலர் அறியார். ஆகவே பயந்த நாயை ஏற்பவர், அது தெருவில் நடக்கப் பழகும்வரை மொட்டைமாடியிலும் வளாகத்திலும் அதற்கு உலாவும் இடம் தரத் தம்மால் இயலுமா என்று முதலிலேயே கணக்கிடவேண்டும். சில நாய்களுக்குச் சில மாதங்கள் போதும். சிநேகப் பருவம் வீணாய்க் கழிந்த நாய்க்குச் சில வருஷங்கள் ஆகலாம். பட்டப்பகலில் பஸ் நிலையத்தைக் கடக்கும் தைரியம் அதற்கு ஒருபோதும் வராமலும் போகலாம்.

வேறொன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கது. கேட்டருகே வளர்ந்து, காவலாளியின் கையால் உண்டு, தன் தெருவில் கவலையின்றித் திரியும் பெரிய நாயை இரக்கத்தினால் பத்தாவது மாடிக்குக் கொண்டுபோவது எப்போதும் மீட்பு ஆகாது. 2001-இல் வந்து 2023-இல் புதுப்பிக்கப்பட்ட நாய்களின் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், கருத்தடை செய்து தடுப்பூசியிட்ட தெருநாயை அது வாழ்ந்த இடத்திலேயே மீண்டும் விடவேண்டும் என்ற கொள்கையை உடையவை. சென்னையில் புளூகிராஸ் சங்கத்தார் 1964-லேயே இம்முறையைக் கையாளத் தொடங்கினார்கள். வெறிபிடித்தவையும் தாக்கும் சுபாவமுள்ளவையும் இதற்கு விலக்கு என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் டில்லித் தெருநாய்களைப் பற்றிய வழக்கில் கூறியது. ஆகவே வாசலில் நலமாயிருக்கும் நாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் வேளை தவறாத உணவும் ஏற்பாடு செய்பவர், வீட்டில் ஒரு நாயை வளர்ப்பவருக்கு எவ்விதத்திலும் குறைந்தவர் அல்லர். அடிபட்டதால் தெருவுக்குத் திரும்ப முடியாததும், தாயை இழந்த குட்டியும், யாரோ வளர்த்துக் கைவிட்டதுமே வீட்டை நாடி நிற்பவை. அவற்றுள் ஒன்றை ஏற்பவர் இன்று எத்தனை தூரம் நடந்தோம் என்று கணக்குப் பார்க்கவேண்டாம். எத்தனை அடிகளுக்குக் கயிறு தளர்ந்திருந்தது, எத்தனை முறை அது தானாகத் திரும்பி நம் முகத்தைப் பார்த்தது என்று கணக்கிடட்டும். அந்த எண் மாதத்துக்கு மாதம் கூடிவந்தால், பழக்கம் சரியான வழியில் செல்கிறது. கூடாவிட்டால் நாயைக் குறைகூறாமல் தூரத்தைக் கூட்டவேண்டும்.